மலையில் அரசியல் அறிவியல் நடத்துவது எப்படி? நீலகிரிக் கல்லூரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் அரசியல் அறிவியல் எடுக்க வரும் ஆசிரியர்கள் பலர் சமவெளிக்காரர்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏறியதும் புத்தகத்தில் உள்ள ‘கிராமம்’, ‘நகரம்’, ‘நிலம்’ எல்லாமே கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அவர்களும் கௌரவ விரிவுரையாளர்களும், சில சமயம் பெற்றோரும், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? பிளேட்டோவிலிருந்தா, பஞ்சாயத்திலிருந்தா?

பாடத்திட்டம் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்றுதான் போகும். அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் முதல் வாரம் நம் கையில்தான் இருக்கிறது. வீட்டுவரி ரசீதின் நகல் இருப்பவர்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துவிட்டே கொண்டுவரட்டும்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். ஊட்டிப் பிள்ளையிடம் நகராட்சி ரசீது இருக்கும். கேத்தியிலிருந்து வருபவரிடம் பேரூராட்சி, சேரங்கோட்டிலிருந்து வருபவரிடம் ஊராட்சி. வெலிங்டன்காரர் கொண்டுவருவது கன்டோன்மென்ட் போர்டு ரசீது. அந்த போர்டு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, தலைவர் ராணுவ அதிகாரி. சிலர் வெறுங்கையோடு வருவார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். வீடு நிர்வாகத்துடையது, தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் சட்டம் நிர்வாகத்தின் தலையில்தான் வைத்தது. டான்டீ, அதாவது அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தின், குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை என்றால் கதை இன்னும் பின்னால் போகும். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968இல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976இல் அது கழகமானது. கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலரிடம் ரசீது இருக்கும், பட்டா இருக்காது. அந்தக் கதை கீழே வருகிறது.

அன்றைய வகுப்புக்கு ஒரே கேள்வி போதும்: உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், யார் கையெழுத்துப் போட்டால் வரும்? ஒரே வகுப்பறையில் நகராட்சி ஆணையர், செயல் அலுவலர், தோட்ட மேலாளர், ராணுவ அதிகாரி என்று பதில்கள் வரும். இறைமை, அதிகாரப் பரவல் என்ற சொற்களை அதற்கப்புறம் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் தாங்களாகவே பொருள் சொல்வார்கள்.

ரசீது இல்லாதவர்களை எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். வீடு யாருடையது என்பது இங்கே பலருக்கு வலிக்கிற கேள்வி.

மாணவர்களைக் கிராம சபைக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுவது பழைய வழக்கம். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபையின் உறுப்பினர். ஆக, உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கே பார்வையாளர்கள். எழுந்து கேள்வி கேட்டுப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். உள்ளூர்க்காரர் பேச வேண்டிய நேரத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் நியாயமில்லை.

இன்னொன்றைச் சமவெளியிலிருந்து வருபவர்கள் கவனிப்பதே இல்லை. நீலகிரியில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் நகர்ப்புறத்தில் வசிப்பதாக 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. நகர்ப்புறம் என்றதும் கடைவீதியையும் சிக்னலையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். சோலூர், நடுவட்டம், ஓவேலி எல்லாம் பேரூராட்சிகள். தேயிலையும் காடும் யானையும் சூழ்ந்த ஊர், சட்டத்தின் கண்ணில் நகர்ப்புறம். பந்தலூரே நெல்லியாளம் நகராட்சிக்குள்தான் இருக்கிறது. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது மாவட்டத்தில் இருந்த ஊராட்சிகள் 35 மட்டுமே. அதனால் உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கிராம சபை என்பதே இல்லை. அவர்களுக்கு 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். நல்ல வீட்டுப்பாடம்.

சரி, போனால் என்ன பார்ப்பது? வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். கூட்டம் தொடங்கும் முன்பே எத்தனை கையெழுத்து விழுந்திருக்கிறது, முடியும்போது நாற்காலியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, மக்கள்தொகையைப் பொறுத்து 50லிருந்து 300 வரை போகும். அப்புறம் தீர்மானங்கள். துறையிலிருந்து மாநிலம் முழுமைக்கும் வரும் பொதுப் பொருள்களை முதலில் வாசிப்பார்கள். ஊருக்கே உரிய விஷயம், அதாவது சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டிக்குள் செத்துக் கிடந்த குரங்கு, இதெல்லாம் கடைசியில், பாதிப்பேர் எழுந்து போன பிறகு வரும். எந்தத் தீர்மானம் ஊரின் சொந்தத் தீர்மானம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ‘மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்’ என்ற பதில் எத்தனை முறை வந்தது என்பதையும் எண்ணட்டும். என்னைக் கேட்டால், அதிகாரப் பரவலாக்கத்தை அளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 1992இன் 73ஆவது திருத்தத்தை நடத்தும் நாளில் இந்த முரணை வகுப்பில் போட்டுவிட்டு, நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம்.

அரசியலமைப்புப் பாடம் வறட்சியாக இருக்கிறது என்கிறார்கள். உள்ளூர் உதாரணம் ஏதாவது உண்டா?

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது! இந்திய அரசியலமைப்பு வரலாற்றின் இரண்டு பெரிய வழக்குகள் கூடலூர் மண்ணிலிருந்து போனவை.

முதலாவது, 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த ஐ.ஆர். கொயலோ வழக்கு. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கீழ் இருந்த ஜென்ம (பரம்பரை உரிமை) நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் காட்டு நிலம் தொடர்பான பகுதி செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 1974இல் 34ஆவது திருத்தத்தின் வழியே சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்துப் பூட்டியது. அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாது என்பதுதான் அந்த அட்டவணையைக் கொண்டுவந்ததன் நோக்கம். அப்படிப் பூட்ட முடியுமா என்று கேட்டதுதான் கொயலோ வழக்கு. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள் அது.

கூடலூர்க்காரப் பிள்ளைக்கு இது ‘செக்‌ஷன் 17’ கதை. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குத்தகைத் தோட்டங்களைப் பற்றியது. அது தீராமல் இழுத்ததில் அந்த நிலங்களில் குடியிருப்பவர்களின் பட்டாவும் மின் இணைப்பும் சேர்ந்து இழுபட்டன. வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் தினமும் பேசுவது தேர்வில் வரும் தீர்ப்புதான் என்று தெரியும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்தவர் 1995இல் போட்டது. யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அகராதிப்படி காடு என்றால் அது காடுதான் என்று 1996 டிசம்பர் 12இல் உத்தரவு வந்து, நாடு முழுவதும் காட்டுச் சட்டத்தையே திருப்பிப் போட்டது.

இன்னும் வேண்டும் என்றால் சீகூர் யானை வழித்தடத்தையும் அதிலுள்ள ரிசார்ட்டுகளையும் பற்றிய 2020 அக்டோபர் 14 தீர்ப்பு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு வந்த இ-பாஸ் இருக்கிறது. இ-பாஸை வைத்து நீதிமன்றம் கொள்கை வகுக்கலாமா என்று ஒரு முழு வகுப்பு ஓட்டலாம். டாக்ஸி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளையும் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்தால் நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது நம் வேலையா?

கல்லூரிக்கு ஒரு வாக்காளர் தூதர், முகாம், சான்றிதழ் எல்லாம் தேர்தல் ஆணையமே செய்கிறது. நம் வேலை, பிள்ளைகள் விவரம் தெரிந்து விண்ணப்பிக்கிறார்களா என்று பார்ப்பது. முன்பெல்லாம் ஜனவரி 1இல் 18 நிறைந்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாள்கள். 17 முடிந்ததும் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். விடுதி மாணவர் சொந்த ஊரில் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம், இரண்டிலும் கூடாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8.

தொகுதிப் படத்தையும் அன்றே காட்டிவிடுங்கள். நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மலையில் இருப்பவை ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றுதான். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே இருக்கின்றன. தேயிலை விலையும் நூல் விலையும் ஒரே எம்.பி.யிடம் போகின்றன.

2014 மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிகமாக நோட்டா விழுந்தது இந்தத் தொகுதியில்தான், 46,559. பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியான தேர்தலும் அதுதான். காரணம் அது மட்டும்தானா, வேறு ஏதாவதா? இதற்கு நான் பதில் சொல்வதில்லை. முடிவு அறிக்கையைக் கொடுத்துச் சட்டமன்றத் தொகுதி வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன்.

வகுப்பில் கட்சி அரசியல் பேசலாமா?

கட்சி இல்லாத அரசியல் அறிவியல் என்று ஒன்று கிடையாது. அரசு ஊழியராக இருந்தால் 1973 நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும்; கட்சிக் கூட்டத்துக்குப் போகவோ ஓட்டுக் கேட்கவோ முடியாது. கட்சிகளைப் பற்றிப் பாடம் நடத்த அந்த விதிகள் தடையில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் ஊகிக்கத்தான் செய்வார்கள், ஊகிக்கட்டும்.

நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: வீட்டில் எந்தப் பக்கம் பேசுகிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் வகுப்பில் வாதாட வேண்டும், அதுவும் ஆவணத்தை வைத்து. சீகூர் வழித்தட விவாதத்தில் ரிசார்ட் வேலையை நம்பியிருக்கும் வீட்டுப் பையன் வனத்துறைக்காகப் பேசினான், முழுத் தீர்ப்பையும் படித்துவிட்டு. அன்று எல்லோரையும்விட நன்றாகப் பேசியது அவன்தான்.

ரொம்பச் சூடான விஷயம் வந்தால் நடைமுறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் படுகர் பிள்ளைகளும் இருப்பார்கள், தோடர், இருளர் பிள்ளைகளும் இருப்பார்கள். சேர்க்கலாமா கூடாதா என்று கை தூக்கச் சொன்னால் அன்றோடு வகுப்பு இரண்டாகிவிடும். அரசியலமைப்பின் 342ஆம் பிரிவு என்ன சொல்கிறது, மாநில அரசு பரிந்துரைத்த பிறகு கோப்பு எங்கெல்லாம் போகிறது, பட்டியலை மாற்றும் அதிகாரம் ஏன் நாடாளுமன்றத்திடம் மட்டும் இருக்கிறது என்று போனால் இரு தரப்பும் குறிப்பெடுக்கும்.

மனு, தகவல் உரிமை, இதையெல்லாம் எப்படிப் பயிற்சியாகக் கொடுப்பது?

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே போய்ப் பார்ப்பதற்கு முன் வகுப்பிலேயே மனு எழுதச் சொல்லுங்கள். முதல் வரைவு இப்படித்தான் வரும்: ‘ஐயா, எங்கள் ஊரில் எந்த அடிப்படை வசதியும் இல்லை. சமூகம் அவர்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்…’ இந்த மனுவை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று அங்கிருக்கும் எழுத்தருக்கே தெரியாது. ஒரு மனுவுக்கு ஒரு குறை, இடம், எப்போதிலிருந்து, இதற்கு முன் யாரிடம் கொடுத்தோம், அந்த ஒப்புகை எண் என்ன. அரைப் பக்கம் போதும். ‘தாழ்மையுடன்’ இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

2005ஆம் ஆண்டுச் சட்டப்படி தகவல் கேட்க 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணமில்லை. பதில் தர 30 நாள். கல்லூரிப் பெயரில் போடாதீர்கள், குடிமகன் என்ற முறையில் மாணவரே கேட்க வேண்டும். ‘எங்கள் தெருவில் ஏன் விளக்கு எரியவில்லை?’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘எங்கள் வார்டில் சென்ற நிதியாண்டில் தெருவிளக்குப் பராமரிப்புக்குக் கொடுத்த பணி ஆணையின் நகல்’ என்று கேட்டால் தாள் வரும். கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும், காரணத்தைக் கேட்க முடியாது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சொந்த ஊர் ஒப்பந்ததாரரைப் பற்றி முதலாமாண்டுப் பிள்ளை தனியாக விண்ணப்பம் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. பெயரும் முகவரியும் அந்த அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும். பயிற்சிக்குப் பிரச்சினை இல்லாத தலைப்புகள் நிறைய இருக்கின்றன.

பழங்குடி ஊர்களுக்குக் களப்பணி போகலாமா?

அழைப்பு இருந்தால் போங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் இங்கே இருப்பதால் கேள்விப் படிவத்தோடு வருபவர்களுக்குக் குறைவே இல்லை. ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுத்துவிட்டது. தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய் வீட்டு வாசலில் குனிந்து போட்டோ எடுப்பது களப்பணி ஆகாது.

சட்டத்தைப் படிக்க வேண்டுமென்றால் 2006 வன உரிமைச் சட்டத்தைப் படிக்க வையுங்கள். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிகளுக்கென அறிவித்த பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை, அதனால் அப்படிப்பட்ட பகுதிகளின் ஊராட்சிகளுக்கான பெசா சட்டம் இங்கே பொருந்தாது. வன உரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி கூடும் கிராம சபைக்குப் பாதி உறுப்பினர்கள் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊராட்சியின் கிராம சபையோடு இதை ஒப்பிட்டாலே ஒரு கட்டுரை தேறும். வகுப்பில் பழங்குடி மாணவர் இருந்தால் ‘நீ சொல்லப்பா உங்க ஊரைப் பத்தி’ என்று அவரை மாதிரிப் பொருளாக்காதீர்கள். அவருக்கு ரூசோவைப் பற்றிப் பேசப் பிடிக்கலாம்.

முதுமலைப் பக்கம் என்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

விழிப்புணர்வுப் பேரணி நடத்தச் சொல்கிறார்களே?

நடத்துங்கள், போட்டோ வேண்டும் அல்லவா. ஊட்டி சேரிங் கிராஸில் பதாகை பிடித்து நின்ற பிள்ளைக்கு வெயில் காய்ந்ததைத் தவிர வேறு பலன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாணவர் பேரவைத் தேர்தலைப் பாடமாக்கலாமா?

தேர்தலே இல்லாமல் கல்லூரி முதல்வரே பேரவையை நியமிக்கும் இடங்கள் நிறைய. மாணவர் தேர்தல்கள் பற்றிய லிங்டோ குழுப் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 75 சதவீத வருகை, வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள் என்று வரம்புகள் உண்டு. பேரவை முடியாவிட்டால் வகுப்புப் பிரதிநிதித் தேர்தலையாவது முறைப்படி நடத்துங்கள். வேட்புமனு, பரிசீலனை, முகவர், எண்ணிக்கை, எல்லாம் இருக்கட்டும். பரிசீலனையில் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்யும் நிலை வந்தால் அதிர்ஷ்டம்தான்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

மனு, தகவல் உரிமைப் பயிற்சியில் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். அது பிள்ளைகளின் கையில் இல்லை. தாள் தடத்துக்குப் போடுங்கள்: சரியான அலுவலகத்தைக் கண்டுபிடித்தாரா, ஒப்புகை வாங்கினாரா, பதிலை விளங்கிக்கொண்டாரா, அடுத்து யாரிடம் போகலாம் என்று எழுதியிருக்கிறாரா. பதிலே வராத விண்ணப்பத்துக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம்.

‘அரசியல் படித்தால் என்ன வேலை?’ என்று பெற்றோர் கேட்டால்?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 4 பாடத்திட்டங்களில் இந்திய ஆட்சியியல் தனிப் பகுதி. அதைச் சொன்னால் பெரும்பாலும் அடுத்த கேள்வி வராது. வந்தால், பையன் கட்சியில் சேர்ந்துவிடுவானோ என்பதாக இருக்கும். கட்சியில் சேர்பவர்கள் எந்தப் பாடம் படித்தாலும் சேர்வார்கள்.

களப்பணியை ஆண்டின் எந்த மாதத்தில் வைப்பது?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு பயம். ஏப்ரல், மே சீசனில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஆக, மிஞ்சுவது செப்டம்பரும் ஜனவரி முதல் மார்ச் வரையும். ஜனவரி 26 கிராம சபைக்குப் போவதாக இருந்தால் காலை உறைபனிக்குத் தயாராக வரச் சொல்லுங்கள். கடைசிப் பேருந்து நேரத்தை ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள்.